நீரருகே அடுத்தடுத்து மின்வெட்டு, அடக்கம் உட்பட

அணை ஒழுகாது, வியர்க்கும். இது அணைகள் நலத் துறையின் அடிப்படைக் கொள்கை. சுவரில் ஈரம் கண்டால் அது உழைப்பின் வியர்வை. தரையில் தண்ணீர் தேங்கி நின்றால் உழைப்பு கொஞ்சம் கூடுதல். புதிதாக வேலைக்குச் சேருகிறவர் இதை மூச்சு விடாமல் ஒப்பித்துக் காட்டிய பிறகுதான் அவருக்கு நாற்காலி போடுவார்கள்.

அந்தத் துறையின் புகைப்படக்காரனுக்குச் சொடக்கு என்று பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. படம் எடுக்குமுன் இடது கையை உயர்த்தி விரலைச் சொடக்குவான். அதிகாரிகள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறப்பார்கள். அந்த இமைப்பொழுதில் பொத்தானை அமுக்கிவிட வேண்டும், தவறினால் மறுபடி மூடிக்கொள்வார்கள். துறையின் ஆண்டு மலர்களில் எல்லோரும் விழிப்போடு பணியாற்றுவது போலத் தெரிந்ததற்கு அந்த இரண்டு விரல்கள்தான் காரணம்.

அவனுடைய அக்காளைக் கட்டியவர் அதே அணையில் நாலாம் மதகைத் திறந்து மூடும் வேலையில் இருந்தார். மதகு ஊழியர்களுக்கு அணைக்கு நேர் கீழே, ஆற்றோரமாக வீடு. அதற்கு நம்பிக்கைக் குடியிருப்பு என்று பெயர். அணையின் மேல் ஊழியனுக்கு நம்பிக்கை உண்டு என்பதை ஊருக்குக் காட்ட அவனைக் குடும்பத்தோடு கீழே குடிவைப்பது துறை வழக்கம். அதிகாரிகளின் நம்பிக்கை ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டதால் அவர்களுக்குக் குன்றின் மேல் வீடு.

ஒரு நாள் அத்தான் அவனை அணையின் வயிற்றுக்குள் கூட்டிப்போனார். உச்சிப் பகலிலும் அங்கே இருட்டு. ஒரு பக்கம் தண்ணீர் பாய்ந்து தெறித்துக்கொண்டிருந்தது. ஷட்டரைத் தாங்கும் இரும்புக் கை ஒன்று, ஆள் இடுப்புத் தடிமனுக்கு, குளிர் காய்ச்சல் வந்தது போல உதறியது. அத்தான் டார்ச்சை அடித்தார்.

"இங்க பாரு மாப்ளே. தெரியுதா?"

"என்ன அத்தான்?"

"கண்ணை எடுக்காம பாரு. ஒதறும்போது வாயத் தொறக்குது, உடனே மூடிக்குது."

பார்த்தான். தலைமுடி போல ஒரு கோடு. திறந்தது தெரியுமுன் மூடிக்கொண்டது.

"எஞ்சினியருங்க பாத்தாங்களா?"

"வந்தாங்க. சட்டையில தண்ணி தெறிக்குதுன்னு ஷட்டரை மூடச் சொன்னாங்க. மூடினா தண்ணி நின்னுபோகுது, தண்ணி நின்னா இதுவும் வாயை மூடிக்குது. பெரிய மனுசங்க முன்னால வாயத் தொறக்கக் கூடாதுன்னு இரும்புக்கும் தெரிஞ்சிருக்கு." அத்தான் டார்ச்சை அணைத்தார். "நீ படமா எடுத்துக் குடுத்துரு. மத்தது அவங்க பாடு. மேல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு மாப்ளே. கீழ உங்கக்கா துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கா."

படத்தில் தெரியாத விரிசல் விரிசல் ஆகாது என்பது துறையின் இரண்டாவது கொள்கை. சொடக்கு துறைக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். அச்சாகி வந்த படத்தில் ஒரு மூலை முதல் மறு மூலை வரை கருப்பு. நடுவில் மட்டும் கருப்பு கொஞ்சம் யோசித்திருந்தது.

இயக்குநர் படத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"விரிசலுங்க."

"எங்க?"

"இருட்டுக்குள்ள இருக்குங்க. பிளாஷ் இருந்தா தெரிஞ்சிரும். ஒண்ணு எடுத்தாப் பத்தாது, படபடன்னு தொடர்ச்சியா எடுக்கணும். அதுல ஏதாவது ஒண்ணுல வாயத் தொறந்தபடி மாட்டும்."

இயக்குநர் படத்தைக் கோப்பில் வைத்தார். "விரிசல் படம் என்று புகைப்படக்காரரால் கூறப்படுவது" என்று அதன் பின்புறம் எழுதினார். அவர் எதையும் எறிபவர் அல்லர்.

கேமராக் கடைக்காரர் பழைய பழக்கம். சொடக்கு சொன்னதைக் கேட்டுவிட்டுப் பெரிய விளக்கு எதையும் அவர் தொடவே இல்லை.

"தண்ணிக்குப் பக்கத்துலயா? அப்ப ஒயர் இழுக்கிற விளக்கு வேணவே வேணாம். அதை எடுத்துட்டுப் போனா அடுத்த படம் உன் படம்தான், சுவத்துல மாட்ற படம். பேட்டரியில ஓடற சின்னது போதும்."

"சின்னது நாலு தடவை அடிச்சா மூச்சு வாங்குமே."

"முழு வேகத்துல அடிச்சா வாங்கும். எட்டுல ஒரு பங்கு வேகத்துல வை, பக்கத்துல கொண்டு போய் வை, சளைக்காம அடிக்கும். வெளிச்சம் பத்தலன்னா ரெண்டு வாங்கு. உசத்தி ஒண்ணைவிட மலிவு ரெண்டு மேல். தண்ணி தெறிக்குதுன்னா விளக்கு மேல ஒரு பிளாஸ்டிக் உறை. உறையை இறுக்கக் கட்டிராத, சூடு போக வழி விடு. அவ்வளவுதான், போ."

அவர் காட்டிய இரண்டும் சேர்ந்து, போன மாதம் இயக்குநரின் நாற்காலிக்குத் தைத்த உறையைவிட மலிவு. சொடக்கு ஒரு விண்ணப்பம் எழுதினான். அவன் செய்த தவறு அதுதான் என்று பின்னால் எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னார்கள்.

விண்ணப்பம் முதலில் சொல்லாக்க அதிகாரியிடம் போனது. துறைக்குள் அயல்மொழிச் சொல் எதுவும் நுழைந்துவிடாமல் வாசலில் உட்கார்ந்திருப்பவர் அவர். அணைக்குள் நுழையும் மண்ணைத் தடுக்க அப்படி ஒருவர் இல்லை.

"பிளாஷ்னா என்ன செய்யும்?" என்றார்.

"மின்னல் மாதிரி பளிச்சுன்னு வெட்டுங்க."

"மின்னல் வெட்டும். ஆக, மின்வெட்டு."

"ஐயா, மின்வெட்டுன்னா கரண்ட் போறதுங்க."

"அது கொச்சை வழக்கு. கரண்ட் போறவன் பேசறதையெல்லாம் அகராதியில ஏத்த முடியுமா? பையில போட்டுத் தூக்கிட்டுப் போற சாமான்தானே? கையடக்கம். விலை கொறச்சலா வேணும், அப்ப அடக்க விலை. படபடன்னு என்ன தம்பி எழுதியிருக்கீங்க, கோழி றெக்கையா? அடுத்தடுத்துன்னு போடுங்க." எழுதி முடித்துத் தூரப் பிடித்து ரசித்தார். "இந்தச் சொல்லைக் கேட்டா அந்தப் பொருளே இங்கதான் பொறந்ததுன்னு தோணுது பாருங்க."

அப்படியாக விண்ணப்பம், நீரருகே அடுத்தடுத்து எடுக்கும் படங்களுக்காக அடக்க விலையில் கையடக்க மின்வெட்டு வேண்டுவதாக ஆயிற்று. சொடக்கு கையெழுத்துப் போட்டான். போடாவிட்டால் வாசலைத் தாண்டாது.

அடுத்தது தபால் பிரிவு. அங்கிருந்த அம்மாவுக்கு ஒரு கண் கோப்பிலும் ஒரு கண் கடிகாரத்திலும் இருக்கும். கோப்பின் தலைப்பு அதன் முதுகுக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. கோப்பு ஒல்லி, தலைப்பு நீளம்.

"என்ன இது, ரயில் வண்டி மாதிரி? சுருக்கணும்."

"எதையும் வெட்டிராதீங்கம்மா. எல்லாமே முக்கியம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. படத்தை எடுத்துடறேன், நீ படக்காரன்னு ஊருக்கே தெரியும். விலையை எடுத்துடறேன், அது உள்ள இருக்கு. கையடக்கம், அடக்க விலைன்னு ரெண்டு அடக்கம் எதுக்கு? ஒண்ணு போதும், கடைசியில சேத்துடறேன். உன் மனசு நோகக் கூடாதுல்ல."

கோப்பின் முதுகில் முத்து முத்தாக எழுதினாள்: நீரருகே அடுத்தடுத்து மின்வெட்டு, அடக்கம் உட்பட.

சொடக்கு அதை எட்டிப் படித்தான். "அம்மா, இதைப் படிச்சா வேற மாதிரி..."

"படிக்கிறதுக்கா கோப்பு? அனுப்பறதுக்கு."

கோப்பு போன திசையில் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேர்வுக் குழு கூடிவிட்டது. மாதிரிக்கு ஒரு விளக்கைக் கடைக்காரரிடம் இரவல் வாங்கி வரச் சொன்னார்கள். நீரருகே சோதிக்க வேண்டும் என்றதும் குழுவில் கவலை பரவியது. அணை தூரம், போனால் நனையும். இயக்குநர் மேசைமேல் இருந்த டம்ளரைக் காட்டினார்.

"இதுல இருக்கறது நீர்தானே?"

நீர்தான் என்று குழு ஒத்துக்கொண்டது.

"நாம இதுக்கு அருகேதானே இருக்கோம்?"

அதையும் யாராலும் மறுக்க முடியவில்லை. டம்ளரை நடுவில் வைத்துச் சுற்றிலும் குழு உட்கார்ந்தது. சொடக்கு விளக்கை எட்டில் ஒரு பங்கு வேகத்தில் வைத்தான்.

"அது என்ன எட்டுல ஒரு பங்கு?" என்றார் இயக்குநர். "என் மூஞ்சிக்கு அவ்வளவுதானா? முழுசா வைய்யா."

முழுசாக வைத்தான். சொடக்குப் போட்டான், எடுத்தான்.

"இவர் கண்ணு மூடியிருக்கு," என்று இயக்குநர் பக்கத்திலிருந்தவரைக் காட்டினார். "இன்னொண்ணு எடு."

எடுத்தான். இப்போது வேறொருவர் மூடியிருந்தார். இன்னொன்று. அடுத்து ஒருவர், தன் இடப்பக்கம்தான் லட்சணம் என்று திரும்பி உட்கார்ந்தார். இன்னொன்று. விளக்கு மூச்சு வாங்கியது, முனகியது, கடைசியில் தலையில் ஒரு பொட்டுப் புகை விட்டு நின்றுவிட்டது. டம்ளரில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"நீரருகே வேலை செய்யவில்லை" என்று குழு ஒருமனதாகப் பதிந்தது. அப்புறம் இயக்குநர் பேசினார். கையில் எதுவும் எழுதி வைத்துக்கொள்ளாமல் மனதிலிருந்தே பேசினார்.

"நான் இந்த நாற்காலிக்கு வந்த பிறகு ஒரு விரிசல்கூடப் பதிவானதில்லை. எனக்கு முன்னால இருந்தவர் காலத்துல நிறைய விரிசல் இருந்துச்சு. ஏன்னா அவர் போய்ப் பாத்தார். பாக்கப் பாக்க விரிசல் அதிகமாகும், இது அனுபவம். நான் ஒரு நாளும் அணைக்குப் போய் அதைத் தொந்தரவு பண்ணதில்ல. அதுவும் என்னைத் தொந்தரவு பண்ணதில்ல."

குழு கை தட்டியது. சொடக்குக்கும் தட்ட வேண்டி வந்தது. புகைந்த விளக்கு அவன் மடியில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

மழை விடவில்லை. முதலில் அத்தானின் டார்ச் வெளிச்சத்தில் தலைமுடியாகத் தெரிந்த கோட்டில் இப்போது அவருடைய சீப்பின் பல் நுழைந்தது. சில நாளில் சீப்பே நுழைந்தது.

"அக்காவை எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க அத்தான்."

"வீட்டைக் காலி பண்ணா வேலையைக் காலி பண்ணதா அர்த்தம். நம்பிக்கைக் கொறைவுன்னு மெமோ வரும்."

"வந்தா வரட்டும்."

"உனக்கென்ன, சொல்லிட்டே." கொஞ்ச நேரம் சீப்பை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார். "அனுப்பறேன். சமையல் சாமானெல்லாம் எடுத்துட்டு வருவா, உன் பொண்டாட்டி மொறைப்பா, பாத்துக்க."

அக்கா வந்தாள். வந்த மறுநாளே அத்தானுக்கு மெமோவும் வந்தது: மனைவியை எங்கே மறைத்து வைத்திருக்கிறீர், எழுத்து மூலம் விளக்குக.

குழு நிராகரித்தது விளக்கை மட்டும்தான்; முதுகில் எழுதிய தலைப்போடு மேலே போன கோப்புக்கு அதற்கு அடுத்த வாரம் அனுமதி கிடைத்தது. துறையில் எந்தக் கோப்புக்கும் இவ்வளவு சீக்கிரம் கிடைத்ததில்லை.

அணையிலும் கீழே குடியிருப்பிலும் மின்சாரம் நின்றது. கொஞ்சம் வந்தது, மறுபடி நின்றது. அடுத்தடுத்து நின்றது. நாலாம் மதகின் ஷட்டர் பாதி ஏறிய நிலையில் மோட்டார் ஓய்ந்துபோனது. பாதி ஏறி நிற்கும்போதுதான் அந்த இரும்புக் கை மிக மோசமாக உதறும். அதே நாளில் அடக்கப் பிரிவு ஆட்கள் மண்வெட்டிகளோடு குடியிருப்பின் பின்பக்கம் வந்து இறங்கினார்கள். அணை கட்டும்போது செத்தவர்களுக்காக ஏற்படுத்திய பிரிவு அது. கட்டி முடித்த பிறகு வேலையில்லாமல், எப்போது கலைத்துவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்தது. கோப்பின் கடைசி வார்த்தையைப் பார்த்ததும் அவர்களுக்கு உயிர் வந்துவிட்டது. ஆற்றோரமாக, கயிறு பிடித்து, ஒரே சீராகக் குழிகள் வெட்டினார்கள்.

சொடக்கு அலுவலகத்துக்கு ஓடினான். தபால் பிரிவு அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா, கேட்டதெல்லாம் கெடச்சிருச்சு, இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? எனக்குக் காத்தாடி கேட்டு எத்தனை வருசமாச்சு தெரியுமா?"

இயக்குநர் அவனை உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

"ஐயா, நான் கேட்டது வெளிச்சம். வந்திருக்கிறது இருட்டு. ஷட்டர் பாதியில நிக்குது. தயவு பண்ணி ரத்து பண்ணுங்க."

"கையெழுத்து உன்னதுதானே?"

"என்னதுதாங்க."

"துறை ஒரு ஊழியன் கேட்டதைக் கேட்ட மாதிரியே குடுத்தது இதான் மொத தடவை. அதையும் வேணாங்கறே." அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "சரி. கரண்ட் இல்லைங்கறதுக்கு என்ன அத்தாட்சி? படம் இருக்கா?"

"இருட்டைப் படம் எடுத்தா கருப்பாத்தாங்க இருக்கும்."

இயக்குநர் கோப்பைத் திறந்து பழைய படத்தை எடுத்தார். "இது மாதிரியா?"

சொடக்கு யோசிக்காமல் சொல்லிவிட்டான். "ஆமாங்க, இதே மாதிரிதான்."

"அப்ப இது இருட்டோட படம்." படத்தைத் திருப்பி, பின்னால் தான் எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்துவிட்டு, "இருட்டு" என்று எழுதினார். "கரண்ட் விசயம் சரியாயிருச்சு, அனுப்பி வைக்கிறேன், ஒரு மாசத்துல வந்துரும். ஆனா விரிசலுக்கு இப்ப படம் இல்லாமப் போச்சே தம்பி."

அவன் நேராகக் கேமராக் கடைக்குப் போனான். புகைந்துபோன விளக்கைப் பற்றிக் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு விளக்குகளையும் உறைகளையும் மேசைமேல் வைத்தார். "எடுத்துட்டுப் போ. அப்புறம் பேசிக்கலாம்."

அணையின் வயிற்றுக்குள் அத்தான் கைப்பிடியைச் சுற்றி ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தார். மோட்டார் செய்கிற வேலையை ஒரு மனிதன் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அரை நாள் சுற்றினால் ஒரு சாண் ஏறும்.

சொடக்கு கடைக்காரர் சொன்னபடியே செய்தான். விளக்குகளைப் பக்கத்துக்கு ஒன்றாகக் கம்பியில் கட்டினான். எட்டில் ஒரு பங்கு வேகம். உறையின் வாயை இறுக்கவில்லை. பொத்தானை அமுக்கிப் பிடித்தான். படபடபடவென்று அந்த இடம் வெளுத்தது. தெறித்த துளி ஒவ்வொன்றும் காற்றில் கண்ணாடிக் குண்டு மாதிரி அசையாமல் நின்றது. துளிகளுக்கு நடுவே இரும்பு வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது. எல்லாம் படத்தில் விழுந்துவிட்டது.

"விழுந்துச்சா மாப்ளே?"

"பல்லு வரைக்கும் தெரியுது அத்தான்."

அத்தான் முகத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார். அது தண்ணீரா, துறை சொல்கிற வியர்வையா, தெரியவில்லை. "என்னையும் ஒண்ணு எடேன். வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து என்னை யாரும் படம் எடுத்ததில்ல."

"இதைக் குடுத்துட்டு வந்து எடுக்கறேன். தலையச் சீவிட்டு நில்லுங்க."

"சீப்பு அதுக்குள்ள கெடக்கு," என்றார் அத்தான், இரும்புக் கையைக் காட்டி. மறுபடி சுற்றத் தொடங்கினார்.

இயக்குநர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பிரமாதம்யா. துளித் துளியா நிக்குது. எதுல எடுத்த?"

"இரவல் விளக்குங்க. ஐயா, அந்த நடுப்படத்தைப் பாருங்க. இப்பவே கீழ இருக்கற குடியிருப்பைக் காலி பண்ணச் சொல்லுங்க."

"குழு நிராகரிச்ச விளக்கா?"

"அதே வகைதாங்க."

இயக்குநர் படங்களை அடுக்கி, ஓரம் தட்டிச் சீராக்கி, அவன் பக்கமே தள்ளினார். "நிராகரிச்ச வெளிச்சத்துல தெரியறதை நான் எப்படிப் பாக்க முடியும்? நாளைக்கு யாராவது கேட்டா, தெரிஞ்சிருந்தும் என்ன செஞ்சீங்கன்னு என் மேலதானே வரும்? பாக்காத வரைக்கும் நான் பொறுப்பு இல்ல. இந்த நாற்காலியில உக்காந்து நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்."

நீரருகே என்ற நிபந்தனைக்காக அன்றைக்கு வைத்த டம்ளர் இன்னும் மேசைமேல்தான் இருந்தது. அதில் இருந்த தண்ணீர் தானாகச் சிலிர்த்தது. ஜன்னல் கண்ணாடிகள் முனகின. பிறகு அலுவலகம் இருந்த குன்றுக்குக் கீழே, ஒரு பெரிய மிருகம் புரண்டு படுத்தது போல ஒரு சத்தம்.

இயக்குநர் டம்ளரைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

தண்ணீர் வடிந்த பிறகு துறை அசுர வேகத்தில் இயங்கியது. கிடைத்தவர்களை அடையாளம் காட்டப் படம் வேண்டும், உடனே வேண்டும், ஆற்றங்கரையிலேயே வேண்டும், நிறைய வேண்டும். இரண்டு விளக்குகளுக்கும் அன்று காலையே அனுமதி வந்தது. விண்ணப்பம்கூடக் கேட்கவில்லை. குழிகள் தயாராக இருந்தன, எண்ணிக்கை கொஞ்சம் குறைந்ததைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிற துறைகளிலிருந்து வந்து பார்த்தவர்கள் வியந்தார்கள்.

"முன்கூட்டியே யோசிச்ச ஒரே துறை நம்மதுதான்," என்று இயக்குநர் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அணைப் பக்கம் வந்தது அன்றுதான். காலணி நனையாமல் இருக்கப் பலகை போட்டிருந்தார்கள். "கோப்பைப் பாருங்க. மின்வெட்டுலேருந்து அடக்கம் வரைக்கும் எல்லாம் அதுல இருக்கு. கேட்டவர் நம்ம புகைப்படக்காரர்தான், சின்ன ஊழியர். ஆனா துறை செவி சாய்ச்சுது."

சொடக்கு, கிடத்தியிருந்தவர்களின் வரிசை ஓரமாக நகர்ந்துகொண்டே எடுத்தான். விளக்குகள் சளைக்கவில்லை. எட்டில் ஒரு பங்கு வேகம், பக்கத்தில் வைத்து. கடைக்காரர் சொன்னது சரிதான். பலகைக்கு அப்பால் அக்கா நின்றிருந்தாள். மனைவி அவளைத் தோளோடு பிடித்திருந்தாள். நம்பிக்கைக் குறைவு மெமோ மடித்தபடி இன்னும் அக்காவின் கையில் இருந்தது. பதில் எழுத வேண்டியவர் வரிசையின் கடைசியில் இருந்தார்.

அத்தானின் தலை கலைந்திருந்தது. சொடக்கு குனிந்து விரலால் கோதிவிட்டான். படியாத பக்கம் படியாமலே நின்றது. எழுந்து கேமராவை உயர்த்தி, ஒரு படம் எடுத்தான்.

இயக்குநர் பின்னால் வந்து நின்று, கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். பழக்கதோஷம்.

"இவர் கண்ணு மூடியிருக்கு," என்றார். "இன்னொண்ணு எடு."

சொடக்கு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை உயர்த்தினான். அத்தானின் முகத்துக்கு நேராக, அக்காவுக்குக் கேட்கும்படி, விரலைச் சொடக்கினான்.

கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

மறுபடி சொடக்கினான்.